டிவி விவாதத்துக்கும் பாட்காஸ்ட்டுக்கும் ஆள் பிடிப்பது எப்படி? காசு கொடுத்தால்தான் இடமா?

நாமக்கல்_கால்நடை

வணக்கம். நாமக்கல்லில் சொந்தமாக கிளினிக் வைத்திருக்கும் கால்நடை மருத்துவர் நான். 2025 ஆகஸ்டில் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதிலிருந்து டிவியைத் திறந்தாலே நாய்ப் பஞ்சாயத்துதான். 11ஆம் தேதி டெல்லி நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னார்கள். 22ஆம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளவையும் ஆக்ரோஷமானவையும் மட்டும் கூடாது என்றார்கள். அந்த நாட்களில் நான் பார்த்த விவாதங்களில் கட்சிக்காரர் இருந்தார், வக்கீல் இருந்தார், நாய் வளர்ப்பவர் இருந்தார். வெறிநோய் வந்த மாட்டையோ நாயையோ பக்கத்தில் நின்று பார்த்த ஒருவர்கூட இல்லை.

இப்போது ஒரு ஏஜென்சியிலிருந்து போன் செய்கிறார்கள். மூன்று யூடியூப் பேட்டி, ஒரு பாட்காஸ்ட், ஒரு சாட்டிலைட் சேனலில் காலை நிகழ்ச்சி, எல்லாம் சேர்த்து 40,000 ரூபாயாம். எனக்கு விளம்பரம் வேண்டாம், விஷயம் நாலு பேருக்குப் போய்ச் சேர வேண்டும். எல்லோரும் இப்படித்தான் உள்ளே போகிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சந்தேகப்பிராணி

அந்த 40,000க்கு எத்தனை தெருநாய்க்குத் தடுப்பூசி போடலாம் டாக்டர்?

முன்னாள்_டெஸ்க்

சென்னையில் ஒரு செய்திச் சேனலின் கெஸ்ட் டெஸ்க்கில், அதாவது விவாதத்துக்கு விருந்தினர்களைப் பிடிக்கும் பிரிவில், வேலை பார்த்தவன். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

காலை மீட்டிங்கில் இரவு விவாதத்தின் தலைப்பு முடிவாகும். அதை நம்பி மதியத்துக்குள் நாலு பேரைப் பிடித்து வைப்போம். நாலு மணிக்கு எங்காவது ரெய்டு நடக்கும், இல்லை ஒரு முன்னாள் அமைச்சர் கட்சி மாறுவார். தலைப்பு காலி. பிடித்து வைத்த நாலு பேருக்கும் ‘சாரி சார், இன்னொரு நாள் வெச்சுக்கலாம்’ என்று சொல்லிவிட்டு, எட்டு மணிக்குள் வேறு நாலு பேரைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் அந்த விஷயத்தில் கரைகண்டவர் யார் என்று எவனும் தேட மாட்டான். இரண்டாவது ரிங்கில் போனை எடுப்பவர் யார் என்றுதான் தேடுவான்.

எங்களிடம் ஒரு எக்செல் கோப்பு இருக்கும். பெயர், இரண்டு நம்பர், எந்தப் பக்கம் பேசுவார், எந்தெந்தத் தலைப்புக்கு ஆவார், வீடு எங்கே, கார் அனுப்ப வேண்டுமா, யாரோடு உட்கார மாட்டார். இந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்க்காமல் போன் போட்டால் தொலைந்தோம். ஒருவர் ஒத்துக்கொண்டு, கார் கிளம்பி, பாதி வழியில் ‘எதிரில் யாரு?’ என்று கேட்டுவிட்டு, பெயரைச் சொன்னதும் வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவார்.

அப்புறம் நாற்காலிக் கணக்கு. ஆளும் கட்சி ஒன்று, எதிர்க்கட்சி ஒன்று, மூன்றாவது கட்சி ஒன்று, நடுவில் ஒருவர். கட்சி நாற்காலிக்கு ஆளை நாங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. தலைமை அலுவலகம் ஒரு பட்டியல் தரும், அதில் உள்ளவர்தான் வரலாம். கட்சிக்குக் கோபம் வந்தால் பட்டியலே நின்றுவிடும். 2019 தேர்தலில் தோற்றதும் காங்கிரஸ் ஒரு மாதத்துக்கு எந்தச் சேனலுக்கும் செய்தித் தொடர்பாளரை அனுப்பப் போவதில்லை என்று அறிவித்தது. 2023 செப்டம்பரில் ‘இந்தியா’ கூட்டணி 14 நெறியாளர்களின் பெயரைப் போட்டு, அவர்கள் நிகழ்ச்சிக்குப் போக மாட்டோம் என்றது. இப்படி ஆகும்போது நாற்காலியைக் காலியாக விட முடியாது. அந்தக் கட்சிக்குச் சாதகமாகப் பேசும் ஒருவரைப் பிடித்து ‘அரசியல் விமர்சகர்’ என்று பெயர் போட்டு உட்கார வைப்போம். அந்தப் பட்டத்தில் பாதி இப்படி வந்தவைதான்.

போனில் ‘இந்த விஷயத்துல உங்க பார்வை என்ன சார்?’ என்று கேட்போம் இல்லையா, அது ஒரு பரீட்சை. ‘இதை 1967லேருந்து பார்க்கணும் தம்பி’ என்று ஆரம்பித்தால் மரியாதையாக நன்றி சொல்லி வைத்துவிடுவோம். அரை நிமிடத்தில் ஒரு பக்கம் சாய்ந்து பேசினால் கார் அனுப்பி விடுவோம்.

டாக்டரின் கேள்விக்கு: ஏஜென்சிக்காரர் கொடுக்கும் காசால் எங்கள் டெஸ்க்குக்குள் நுழைய முடியாது. அவர்கள் சொல்லும் ‘காலை நிகழ்ச்சி’ விளம்பரப் பிரிவு விற்கும் நேரம். மூலம், மூட்டுவலி, ராசிக்கல், மனை விற்பனை எல்லாம் ஓடுகிறதே, அந்த வரிசையில் நீங்களும் உட்காருவீர்கள்.

வானொலி_ஓய்வு

ஆகாசவாணி திருச்சி நிலையத்தில் நிகழ்ச்சிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் இந்த நாலு மணிக் கலவரம் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை திட்டம் போடுவோம். உரைக்கு யார், பண்ணைச் செய்திக்கு எந்த விவசாயி, மகளிர் நிகழ்ச்சிக்கு யார் என்று முன்கூட்டியே எழுதியாகிவிடும். பேச்சாளருக்கு ஒப்பந்தப் படிவம் தபாலில் போகும். அதில் தேதி, நேரம், எத்தனை நிமிடம், என்ன தொகை எல்லாம் இருக்கும். அவர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், எழுத்துப் பிரதியையும் முன்னதாகவே அனுப்ப வேண்டும். கட்சிப் பெயர் சொல்லி யாரையும் தாக்கியிருந்தால் அந்த வரி அடிபடும். தொகை சொற்பம்தான், ஆனால் காசோலை தவறாமல் போகும்.

குறையும் சொல்ல வேண்டும். ஒருமுறை பட்டியலில் ஏறியவர் இறங்கவே மாட்டார். அதே பேராசிரியர், அதே தலைப்பு, வருடா வருடம்.

ஹைகோர்ட்_அக்கா

விவாதங்களுக்கு அடிக்கடி போகிறவள், அதனால் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். முன்னாள்_டெஸ்க் தம்பி கார் பற்றிச் சொன்னார். அந்தக் கார்தான் ரொம்ப நாள் தமிழ்நாட்டின் கருத்தைத் தீர்மானித்தது. ஸ்டுடியோக்கள் சென்னையில். எட்டு மணி லைவுக்கு ஆறரைக்குக் கார் வரும். அண்ணா நகர், மயிலாப்பூர், வேளச்சேரி என்று ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு வந்து சேர்க்க முடிந்தவர்கள் மட்டும்தான் ‘தமிழ்நாட்டின் குரல்’. தூத்துக்குடிப் பிரச்சினையைத் தூத்துக்குடியைப் பார்க்காதவர்கள் பேசினோம். நானும்தான். 2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் ஸ்கைப்புக்கும் ஜூமுக்கும் போனார்கள், அப்போதுதான் நெல்லையிலிருந்தும் ஓசூரிலிருந்தும் முகங்கள் வந்தன. இப்போது மறுபடி ஸ்டுடியோவில் உட்கார வைக்கத்தான் ஆசைப்படுகிறார்கள். நேரில் இருந்தால் சண்டை நன்றாக வரும்.

பெண்களுக்கு இன்னொன்று. சொத்து வழக்கு, தேர்தல் வழக்கு எல்லாம் நடத்துகிறேன். ஆனால் போன் வருவது பாலியல் வன்கொடுமைச் செய்தி வரும் அன்றும், மார்ச் 8ஆம் தேதியும்தான். ‘ஜிஎஸ்டி பற்றியும் பேசுவேன்’ என்று சொன்னால் ‘கண்டிப்பா மேடம்’ என்பார்கள். அந்த எக்செல்லில் என் பெயருக்கு நேராக என்ன எழுதியிருக்கிறதோ!

முன்னாள்_டெஸ்க்

அக்கா, ‘பெண்கள், சட்டம்’ என்று இருக்கும். ஒரு முறை எழுதினால் யாரும் திருத்த மாட்டார்கள். ஆனால் ராத்திரி ஒன்பதரைக்கு முடிந்து வீடு போகப் பத்தரை ஆகும் என்பதால் பல பெண் விருந்தினர்கள் அவர்களாகவே வேண்டாம் என்றதும் உண்டு.

சந்தேகப்பிராணி

காசு வாங்காமல் இவர்கள் எல்லாம் ஏன் தினமும் போய் உட்காருகிறார்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

ஹைகோர்ட்_அக்கா

சில சேனல்களில் சிறு தொகை தருவார்கள், சிலவற்றில் காரும் காபியும்தான். ஆனால் வழக்கு வரும், கட்சியில் கவனிப்பார்கள், மேடைக்குக் கூப்பிடுவார்கள், ஊரில் அம்மா பார்ப்பார். எல்லாம் சேர்த்துத்தான்.

பங்குச்சந்தை_பாமரன்

காசு எப்போதும் கவரில் வருவதில்லை. 2024 பிப்ரவரியில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி போட்ட இடைக்கால உத்தரவைத் தேடிப் படியுங்கள். ஒரு இந்தி வணிகச் செய்திச் சேனலில் வந்த ‘விருந்தினர் நிபுணர்கள்’ சிலர், எந்தப் பங்கை வாங்கச் சொல்லப் போகிறோம் என்பதை ஒளிபரப்புக்கு முன்பே வெளியில் சிலருக்குச் சொல்லிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த வெளியாட்கள் முன்கூட்டி வாங்கி வைப்பார்கள். டிவியில் சொன்னதும் விலை ஏறும், விற்றுவிடுவார்கள். 7.41 கோடி ரூபாயை முடக்கினார்கள். இப்படிப்பட்டவருக்குச் சேனல் பத்து பைசா தர வேண்டியதில்லை. அந்த நாற்காலியே போதும்.

அதனால் ஒரு விருந்தினரைப் பார்த்தால் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இவர் சொல்வதை நான் நம்பினால் இவருக்கு என்ன லாபம்?

ரொறொன்ரோ_ராசன்

கனடாவிலும் இதே கதைதான் அண்ணை. இங்கத்தைத் தமிழ் வானொலிகளில கனக்க நிகழ்ச்சிகள் அனுசரணையாளர் காசில ஓடுறவை. வீடு விற்கிற முகவர் ஒரு மணித்தியாலத்தை வாங்கிப்போட்டு, தானே வந்து ‘வீட்டு விலை இப்ப இறங்காது’ எண்டு கதைப்பார். கேக்கிற சனம் அவரை நிபுணர் எண்டு நினைக்குது. அடுத்த மணித்தியாலம் காப்புறுதி. எல்லாரையும் குறை சொல்லேலாது, அந்தக் காசு இல்லாட்டி வானொலியே இல்லை. ஆனா நிகழ்ச்சி தொடங்கேக்க ஒருக்கா, முடியேக்க ஒருக்கா ‘இது கட்டண நிகழ்ச்சி’ எண்டு தெளிவாச் சொன்னால் போதும்.

ஒலிப்பெட்டி

சின்னதாக ஒரு தமிழ் பாட்காஸ்ட் நடத்துகிறேன், வரலாறும் அறிவியலும். இங்கே டிவி பற்றியே பேசுவதால் எங்கள் பக்கத்தையும் எழுதுகிறேன்.

பாட்காஸ்ட்டில் யாரும் நாலு மணிக்குத் தலைப்பை மாற்றுவதில்லை, அதனால் ஆளைத் தேட அவகாசம் இருக்கிறது. பெரும்பாலும் முந்தைய விருந்தினரிடமே கேட்பேன்: ‘உங்களுக்குத் தெரிந்தவர்களில் நன்றாகப் பேசுகிறவர், ஆனால் இதுவரை யாரும் கூப்பிடாதவர் யார்?’ இந்த ஒரு கேள்வியில் கிடைத்தவர்கள்தான் என் நல்ல எபிசோடுகள் எல்லாம். கட்டுரை, ஆய்வேடு படித்துவிட்டு நேராக மெயில் போடுவதும் உண்டு.

எதிர்ப்பக்கமாக, தங்களைக் கூப்பிடச் சொல்லி வரும் மெயில்கள் குவிகின்றன. வெளிநாட்டில் இதற்கென்றே சேவைகள் உண்டு. பீட்டர் ஷாங்க்மன் 2008இல் தொடங்கிய ‘ஹாரோ’வில் செய்தியாளர்கள் தங்களுக்கு எந்த மாதிரி ஆள் வேண்டும் என்று போடுவார்கள், அது மெயிலில் எல்லோருக்கும் போகும், பொருத்தமானவர் பதில் எழுதுவார். பின்னாளில் அது கைமாறி, பெயர் மாறி, 2024 முடிவில் மூடப்பட்டு, அடுத்த ஆண்டு வேறொருவர் கையில் மறுபடி வந்தது. பாட்காஸ்ட்டுக்கு ‘பாட்மேட்ச்’ போன்றவை இருக்கின்றன, வரன் பார்க்கும் தளம் போலவே இரண்டு பக்கத்தையும் பொருத்தி விடுவார்கள். ஏஐ வந்த பிறகு இந்த வழி நாறிவிட்டது. ‘உங்கள் சமீபத்திய எபிசோடு என்னை மிகவும் கவர்ந்தது’ என்று ஒரே மாதிரி மெயில்கள். எந்த எபிசோடு என்று ஒருவரும் சொல்வதில்லை. கிரிப்டோ பயிற்சியாளர் ஒருவர் சோழர் கால ஏரிகள் பற்றிய தொடருக்கு வரத் தயார் என்கிறார்.

டாக்டர், எனக்கு நீங்கள் எழுதுவதாக இருந்தால் நாலு வரி போதும். நீங்கள் யார், என்ன பார்த்திருக்கிறீர்கள், கேட்பவருக்குத் தெரியாத எந்த ஒரு விஷயத்தைச் சொல்வீர்கள், கடைசியாக உங்கள் குரல் ஒரு நிமிடம். பட்டங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குரல் கேட்டால்தான் தெரியும், எழுத்தில் புலியாக இருப்பவர் பலர் மைக் முன்னால் கடிதம் வாசிக்கிறார்கள்.

பணம் கேட்கும் பாட்காஸ்ட்டுகள் இருக்கின்றன. அங்கே நீங்கள் விருந்தினர் இல்லை, வாடிக்கையாளர்.

யூடியூப்_எடிட்டர்

பேட்டிச் சேனல் ஒன்றில் எடிட்டிங் செய்கிறேன். யூடியூப் பேட்டிக்குப் போகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொண்டு போக வேண்டும். உங்களை உட்கார வைத்து இரண்டு மணி நேரம் எடுப்பார்கள். அது ஐந்தாறு வீடியோவாக, வேறு வேறு வாரத்தில், வேறு வேறு செய்தியோடு ஒட்டிக்கொண்டு வரும். நீங்கள் ஜனவரியில் சாதாரணமாகச் சொன்ன ஒரு வரி, மார்ச்சில் ஒரு சர்ச்சை வந்ததும் அதற்கு உங்கள் பதிலடி மாதிரி வெளிவரும். தம்ப்னெயிலில், அதாவது வீடியோவின் முகப்புப் படத்தில், நீங்கள் சொல்லாத ஒரு வரி உங்கள் வாய்க்குப் பக்கத்தில் சிவப்பில் நிற்கும். ‘அதிர்ச்சி’ என்ற சொல் இல்லாமல் நான் செய்த தம்ப்னெயில் குறைவு.

ஆள் தேர்வும் அதைப் பார்த்துத்தான். முந்தைய பேட்டிகள் எத்தனை வியூஸ் போயிருக்கின்றன, கமெண்டில் சண்டை வந்ததா என்று பார்ப்பார்கள். ஒரு சேனலில் ஓடியவரைப் பத்துச் சேனல் கூப்பிடும். அதனால்தான் ஒரே முகம் ஒரே வாரத்தில் எல்லா இடத்திலும்.

போவதற்கு முன்பு வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்: தலைப்பையும் தம்ப்னெயிலையும் எனக்குக் காட்டிவிட்டுப் போட வேண்டும். எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒத்துக்கொள்ளாதவர் யார் என்று தெரிவதும் நல்லதுதான். உங்கள் போனையும் மேஜையில் வைத்து முழுதாக ரெக்கார்ட் செய்துகொள்ளுங்கள். அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டே செய்யுங்கள், வெட்டி ஒட்டுபவர் கை தானாக அடங்கும்.

நாமக்கல்_கால்நடை

எல்லோருக்கும் நன்றி. ஏஜென்சிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உடனே 25,000க்கு இறங்கினார்கள்! முன்னாள்_டெஸ்க் சார், அந்த எக்செல்லில் என் பெயர் ஏற என்ன வழி? சென்னைக்கு வர முடியாது.

முன்னாள்_டெஸ்க்

முதலில், நீங்கள் அரசுப் பணியில் இல்லையே? இருந்தால் 1973ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகளைப் பார்த்து, மேலிடத்தில் கேட்டுவிட்டுப் பேச வேண்டும். தனியார் என்றால் உங்கள் கால்நடை மருத்துவக் கவுன்சில் விதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மனிதர்களுக்கு வைத்தியம் செய்யும் டாக்டர்களுக்கு 2002 ஒழுக்க விதிகளில் நோயாளிகளை இழுக்கும் விளம்பரம் கூடாது என்று இருக்கிறது. காசு கொடுத்த காலை நிகழ்ச்சியில் கீழே போன் நம்பர் ஓடினால் அங்கேதான் வம்பு வரும்.

வழி எளிது. உங்கள் மாவட்டச் செய்தியாளரைப் பிடியுங்கள். சென்னை டெஸ்க் நாமக்கல் ஆள் வேண்டும் என்றால் அவரைத்தான் கேட்கும். உங்கள் ஊர் முட்டை ஊர். 2024 ஏப்ரலில் ஆலப்புழையில் பறவைக் காய்ச்சல் வந்ததும் அத்தனை சேனலும் நாமக்கல் பக்கம் மைக்கைத் திருப்பியது உங்களுக்கே தெரியும். அன்றைக்கு யார் போனை எடுத்தார்களோ அவர்கள் பெயர்தான் இன்றைக்கும் கோப்பில் இருக்கும். செய்தி வந்த பிறகு போன் செய்யாதீர்கள், எங்களுக்கு எடுக்க நேரம் இருக்காது. சும்மா இருக்கும் நாளில் ‘வெறிநோய், பறவைக் காய்ச்சல், கோமாரி பற்றி எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள், ராத்திரி பத்து வரை எடுப்பேன்’ என்று ஒரு செய்தி அனுப்பி வையுங்கள். முதலில் ஃபோனோதான் வரும், அதாவது போன் வழியே குரல் மட்டும். மூன்று நான்கு நிமிடம். அதில் தேறினால் வீடியோவுக்குக் கூப்பிடுவார்கள்.

புதிதாக டெஸ்க்குக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் கதை ஒன்று. 2006 மே 8ஆம் தேதி பிபிசியில் ஆப்பிள் வழக்கு பற்றிப் பேச கை க்யூனி என்ற தொழில்நுட்பப் பத்திரிகையாளரை வரச் சொல்லியிருந்தார்கள். வரவேற்பறையில் கை கோமா என்று இன்னொருவர் வேலைக்கான நேர்காணலுக்குக் காத்திருந்தார். அழைக்கப் போனவர் ‘கை?’ என்று கேட்க, இவர் ஆமாம் என்றார். அப்படியே கொண்டுபோய் மைக் மாட்டி லைவில் உட்கார வைத்துவிட்டார்கள். நெறியாளர் இன்னொரு பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தும்போது அவர் முகம் போன போக்கை இன்றும் இணையத்தில் பார்க்கலாம். ஆனாலும் மனிதர் சமாளித்துப் பதில் சொன்னார். நிஜமான கை வெளியே உட்கார்ந்து அதை டிவியில் பார்த்தார். நாங்கள் முழுப் பெயரைக் கேட்டுச் சரிபார்ப்பது அதனால்தான். அவசரத்தில் அதையும் விடுவோம், அது வேறு.

வானொலி_ஓய்வு

டாக்டர், வானொலியையும் மறக்க வேண்டாம். உள்ளூர் பண்ணை நிகழ்ச்சிக்குக் கால்நடை மருத்துவர்கள் எப்போதும் தேவை. நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மாடு வைத்திருப்பவர் இரவு விவாதம் பார்ப்பதைவிட அதைக் கேட்பவராக இருக்கலாம்.

சந்தேகப்பிராணி

எல்லாம் சரி. ஆனால் போனை முதலில் எடுப்பவர்தான் நிபுணர் என்றால், டாக்டரும் நாளைக்கு மாட்டைப் பற்றி மட்டுமல்ல, மேகதாது பற்றியும் பேசுவார். ஆரம்பத்தில் எல்லோரும் ஒரு விஷயம் தெரிந்தவர்களாகத்தான் உள்ளே போகிறார்கள்.

ஹைகோர்ட்_அக்கா

அது உண்மை. இரண்டாவது மாதத்திலேயே வேறு தலைப்புக்குக் கூப்பிடுவார்கள் டாக்டர். ‘இது எனக்குத் தெரியாது, இவரைக் கேளுங்கள்’ என்று இன்னொருவர் நம்பரைக் கொடுங்கள். டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு அந்த மாதிரி ஆள் பிடிக்கும், ஏனென்றால் அவர்கள் வேலை பாதி முடிந்தது.

நாமக்கல்_கால்நடை

ஒரு தகவல். மாவட்டச் செய்தியாளர் தம்பி ஒருவரிடம் சொல்லி வைத்தேன். பக்கத்து ஊரில் ஒரு பள்ளிப் பையனை நாய் கடித்த அன்று ஃபோனோ வந்தது. பேசுவதற்கு முன் ஒரு நிமிடம் லைனில் காக்க வைத்தார்கள், காதில் விளம்பரம் ஓடுகிறது. ‘நாய்களைக் கொல்லலாமா கூடாதா டாக்டர்?’ என்றுதான் முதல் கேள்வி. ‘அதற்கு முன், இப்போது கடிபட்டவர் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக நடக்காது’ என்றேன். அதன் பிறகு கருத்தடை பற்றி ஆரம்பித்தேன், நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள்.

வீட்டில் மனைவி திரையைப் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். என் பெயருக்குக் கீழே ‘விலங்கு நல ஆர்வலர்’ என்று போட்டிருக்கிறார்கள். நான் படித்தது எல்லாம் எங்கே போயிற்று?

முன்னாள்_டெஸ்க்

அடுத்த முறை பெயர், படிப்பு, ஊர் மூன்றையும் தமிழில் தட்டி, போன் வருவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அவர்கள் அதை அப்படியே எடுத்து ஒட்டுவார்கள். வாயால் சொன்னால் கிராஃபிக்ஸ் பையனுக்குக் காதில் விழுந்ததுதான் திரையில் வரும். இப்போதே அந்தச் செய்தியாளரிடம் சொல்லித் திருத்திவிடுங்கள், இல்லாவிட்டால் எக்செல்லில் ஆர்வலராகவே இருப்பீர்கள், அப்புறம் மயில், குரங்கு, யானை எது வந்தாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.